சிவப்புக் கோடு போட்டவன்

எல்லா அலுவலகத்திலும் வட்டம் போடும் பிராணி ஒன்று உண்டு. சட்டைப் பையில் இரண்டு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா, கக்கத்தில் சுருட்டிய சார்ட் என்று அலையும். இரண்டு பேர் பேசிக்கொண்டால் போதும், இரண்டு வட்டம் போட்டு நடுவில் கோடு இழுத்துவிடும். மூன்றாவது ஆள் இருமினால் அம்புக்குறி. "யாருக்கு யார்கிட்ட என்ன வேணும்னு தெரிஞ்சாதாங்க டீமா வேலை செய்ய முடியும்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லும். அந்தக் குரலை நான் அச்சு அசலாகச் செய்து காட்டுவேன். சிரமமே இல்லை. என் குரல்தான் அது.

எங்கள் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை புது எக்ஸ்ரே அறையைத் திறந்தாக வேண்டும். திறக்கவைக்கும் பொறுப்பு என்னுடையது; திறந்தால் எனக்கு வேலை நிரந்தரம். எலக்ட்ரீஷியன் அண்ணன் லைன் கொடுக்க வேண்டும், எக்ஸ்ரே அக்கா மெஷினை ஓட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விடுவேனா? பதினேழு வட்டம், நாற்பது கோடு. பச்சை என்றால் சுமுகம், சிவப்பு என்றால் உரசல். அண்ணனுக்கும் அக்காவுக்கும் நடுவில் சிவப்பு. ஏன்? பச்சைப் பேனா பாதியில் காய்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை சுவரில் ஒட்டினேன்.

"என்னண்ணே, நமக்குள்ள சண்டையாமே?"

"எனக்கே இப்பதாம்மா தெரியுது. நீ ஏதாவது சொன்னியா?"

"நான் என்னத்த சொன்னேன்? நீங்கதான் எங்கயோ போய் வத்தி வெச்சிருக்கீங்க!"

மத்தியானத்துக்குள் அண்ணன் டூல்ஸ் பெட்டியை மூடிவிட்டார். அக்கா அறையைப் பூட்டிச் சாவியை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டார். என் படம் முதன்முறையாக நூற்றுக்கு நூறு சரியானது.

சமாதானம் செய்ய என்ன செய்தேன்? இன்னொரு படம் போட்டேன், சண்டைக்கென்றே தனியாக. சனிக்கிழமை இருவரையும் நிற்கவைத்து விளக்கினேன்.

"தம்பி, முதல்ல அத ஏன் சிவப்புல போட்ட?" என்றார் அண்ணன்.

"பச்சை காய்ஞ்சு போச்சுண்ணே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாவியக் குடும்மா."

"நானே வந்து திறக்கிறேண்ணே. இவன இங்கயே விட்டுட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமையே அறை தயார். என் வேலையும் நிரந்தரமானது. அதில் என் பங்கு என்ன என்று யாரும் படம் போட்டுப் பார்க்கவில்லை, பிழைத்தேன்.

என் சார்ட்டைத் திருப்பி, பின்பக்கம் 'எக்ஸ்ரே' என்று எழுதி, ஒரு அம்புக்குறி போட்டு வராந்தாவில் ஒட்டியிருக்கிறார் அக்கா. அந்தச் சார்ட்டில் ஆட்களைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் அம்புக்குறி அது ஒன்றுதான்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் படிக்கும்போதே உங்கள் ஆபீஸில் இன்னாருக்கும் இன்னாருக்கும் ஆகாது என்று மனசுக்குள் ஒரு கோடு இழுத்தீர்களே, அதற்கு முன்னால் பச்சைப் பேனா எழுதுகிறதா என்று பார்த்தீர்களா?