சனிக்கிழமை சார் எதிரே வந்தார்

பிள்ளைகளுக்கு நட்பைக் கற்றுக்கொடுப்பதில் சனிக்கிழமை சாருக்கு இணையாக உலகத்தில் ஆள் கிடையாது. அதைத் தாங்கிக்கொண்டதில் எங்கள் ஓசூர் குவார்ட்டர்ஸ் பெற்றோருக்கும் இணை கிடையாது.

எண்பதுகளில் கொச்சியிலிருந்து வந்த யூதர் அவர். எங்கள் தொழிற்சாலையில், நூலிழை பிசகாமல் கருவிகள் செய்யும் டூல் ரூமுக்கு ஃபோர்மேன். சனிக்கிழமை அவர்கள் மதத்தில் ஓய்வுநாள் என்பதால் ஸ்விட்சைக்கூடத் தொடமாட்டார். அன்று மாலை பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்காரவைத்து, நட்பைப் பற்றித் தம் முன்னோர் சொன்னதைச் சொல்லிக்கொடுப்பார்.

என் மகனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் பாடம் இது: நோயாளியைப் பார்க்கப் போகும் ஒவ்வொருவரும் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துப்போகிறார்.

சார் அளவு பிசகாதவர். சரியாக அறுபது பேரோடு வந்துவிட்டார். குவார்ட்டர்ஸில் பிள்ளைகள் நாற்பத்தொன்றுதான். மீதிக்கு, ராயக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றவர்களைத் தக்காளிக் கூடைகளோடு அழைத்து வந்திருந்தார்.

"ஏங்க, இத்தன பேருக்குக் காப்பி போட பாலுக்கு எங்க போறது?" என்றாள் என் மனைவி.

"காப்பி வேண்டாம் சிஸ்டர். வரிசையா பார்த்துட்டுப் போயிடுவோம்," என்றார் சார்.

"வெரசா பாருங்கப்பா, பஸ்ஸு போயிரும்," என்றார் ஒரு கூடைக்காரர்.

ஐம்பதாவது ஆள் பார்த்தபோது, என் மகன் எழுந்து தானும் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டான். அவனுக்கு வழிவிட்டதில் கூடை கவிழ்ந்து, கூடமெல்லாம் தக்காளி. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பைத்தியமாய்யா உனக்கு? பொண்டாட்டி புள்ள இல்லாதவனுக்கு என்ன தெரியும்?"

சார் முகம் வெளுத்தது.

"ஐயோ மாமா, ரத்தம்!" என்று கத்தினாள் பக்கத்து வீட்டு ஜமீலா.

குனிந்து பார்த்தேன். தக்காளிதான்.

"அது இல்ல மாமா. நாலு பேரு முன்னாடி ஒருத்தரு மூஞ்சி வெளுக்கற மாதிரி பேசினா, ரத்தம் சிந்தின மாதிரியாம். சார்தான் சொன்னாரு."

மறுநாளிலிருந்து சார் என் எதிரே வரத் தொடங்கினார். கேன்டீனில் எதிரே, பஸ் நிறுத்தத்தில் எதிரே, சலூனில் என் பின்னால் நின்று கண்ணாடியில் எதிரே.

"ஏம்மா, உங்க சார் எதுக்கு என்னையே சுத்தி வர்றாரு?" என்று ஜமீலாவைக் கேட்டேன்.

"மன்னிப்புக் கேக்கத் தேடி வர உங்களுக்கு வெக்கமா இருக்கும்ல மாமா? அதான் அவரே வந்து நிக்கறாரு. அவங்க பெரியவங்க அப்படித்தான் செய்வாங்களாம்."

நான் பின்சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்குப் போகப் பழகினேன். ஒருநாள் குதிக்கும் இடத்திலும் நின்றிருந்தார். கைகொடுத்து இறக்கிவிட்டார். "தேங்க்ஸ்" என்றேன். என் வாயில் அவ்வளவுதான் வந்தது.

ஆறு மாதத்தில் அவர் வேலையை விட்டு ஊருக்குப் புறப்பட்டார். வழியனுப்பப் போனேன். சேலம் பஸ் வந்தது. ஏறாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த பஸ்ஸும் போயிற்று.

"மழை வரும்போல," என்றேன்.

"ஆமா சார்," என்றார், தெளிந்த வானத்தைப் பார்த்து.

மூன்றாவது பஸ்ஸில் ஏறி, ஜன்னலில் தலையை நீட்டினார்.

"பரவாயில்ல சார். நீங்க கேட்டாச்சுன்னே நான் வெச்சுக்கறேன்."

நான் கேட்கவேயில்லை, சார். இப்போது கேட்கிறேன்.