குல்ச்சாக் கடையில் தற்செயலாகச் சந்தித்தது

வாகேகுருவின் கருணையால் லூதியானாவில் நலமோடிருக்கும் என் அண்ணன் குர்மேல் சிங் அவர்களுக்கு, அமிர்தசரசிலிருந்து தங்கை பரம்ஜோத் கௌர் வணங்கி எழுதுவது. அண்ணியின் முழங்கால் வலி குறைய தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள் என்பதால் கடிதம். முழுவதும் படித்துவிட்டுக் கத்தவும்.

என் மகள் ஜஸ்கிரணுக்கு நீங்கள் பார்த்த தர்ன் தாரன் ஊர் வரனை, வழக்கப்படி, தற்செயலாகச் சந்திப்பதுபோல் ஞாயிறு காலை சந்திக்கப் போனோம். பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவு வராமல் இருக்க, இரு தரப்பும் ஊர், பேர் கேட்கக் கூடாது என்று நீங்கள்தானே கண்டிப்பாகச் சொன்னீர்கள். குருத்வாராவில் கும்பிட்டுவிட்டு, நீங்கள் சொன்ன குல்ச்சாக் கடைக்குப் போனால் தேர்க்கூட்டம். பையன் மெரூன் தலைப்பாகையில் வருவான் என்றீர்கள். அண்ணா, ஞாயிற்றுக்கிழமை அமிர்தசரசில் பாதி ஆண்பிள்ளைகள் தலையில் மெரூன்தான். ஒரு பெஞ்சில் அம்மாவும் அப்படி ஒரு பையனும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். இவர்கள்தான் என்று ஜஸ்கிரணை எதிரே உட்கார வைத்தேன். என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்காதீர்கள், தட்டு வந்தபின் அவர் மனித முகம் பார்ப்பதில்லை.

குல்ச்சா வந்தது. மேலே வெண்ணெய், பக்கத்தில் கொண்டைக்கடலை, புளிச் சட்னி. இவ்வளவு வெங்காயமும் உருளைக்கிழங்கும் அடைத்தும் இந்த ரொட்டி தந்தூர் அடுப்புச் சுவரில் கிழியாமல் எப்படி ஒட்டி நிற்கிறது என்பது எனக்குப் பல வருடச் சந்தேகம். வீட்டில் நான் செய்தால் அடைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். அதனால் சாப்பிடாமல் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். நிமிர்ந்தால் அந்தப் பையனும் தன்னுடையதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்! "வெங்காயத்துல உப்பு போட்டுப் பிழிஞ்சிருக்காங்க ஆன்ட்டி. தண்ணி இல்ல பாருங்க, அதான் கிழியல," என்றான். ஜஸ்கிரண் உடனே, "அப்போ மாதுளை விதை எதுக்கு?" என்றாள். இருவரும் ஒரு குல்ச்சாவை அக்கக்காகப் பிரித்து ஆராய்ந்தார்கள். கருகிய துண்டை அவன் எடுத்துக்கொண்டு மொறுமொறுப்பானதை அவள் பக்கம் தள்ளியதையும் பார்த்தேன். மனசு நிறைந்துவிட்டது. அந்த அம்மாவிடம் எங்கள் தெரு, பக்கத்துப் பால் பூத் வரை பேசிவிட்டேன்.

இதற்கிடையே, எழுந்ததும் உட்காரலாம் என்று எங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு குடும்பங்கள் நின்றன. நீலச் சால்வைக்காரி ஒருத்தி குனிந்து, "சாப்பிட வந்தீங்களா, பரிசோதனை பண்ண வந்தீங்களா அக்கா? எந்திரிங்களேன்," என்றாள். நான் திரும்பாமலே, "கழுத்துல மூச்சு விடாதீங்கம்மா, வெண்ணெய் உருகுது," என்றேன். அவளும், மஞ்சள் துப்பட்டாப் பெண்ணோடு நின்ற இன்னொரு அம்மாவும் சேர்ந்து எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். இன்னொரு குல்ச்சா சொல்லிவிட்டு நிதானமாகவே எழுந்தேன்.

கை கழுவும்போது நீலச் சால்வை போனில் பேசுவது காதில் விழுந்தது. "லூதியானா குர்மேல் அண்ணன் தங்கச்சி வரவே இல்லீங்க. யாரோ ஒரு பொம்பள எடத்த விடாம உக்காந்து எங்க உசுர வாங்கிட்டா." பக்கத்தில் அவள் மகன். மெரூன் தலைப்பாகை. குழாயை மூடக்கூட மறந்து ஓடிவந்துவிட்டேன்.

ஆகவே அண்ணா, உங்கள் பெயரைக் காப்பாற்ற, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அடுத்த ஞாயிறு ஏற்பாடு செய்யவும். நான் முக்காடு போட்டுக்கொண்டு வருகிறேன். ஜஸ்கிரண் அன்றிலிருந்து பேசவில்லை, மாதுளை விதையை மட்டும் வாங்கி வைத்திருக்கிறாள். குருவின் அருள் உங்கள் வீட்டில் என்றும் தங்கட்டும்.

அன்புத் தங்கை,
பரம்ஜோத்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். உறை ஒட்டும் நேரத்தில் அந்த பெஞ்சுக்கார அம்மா பால் பூத்தில் விசாரித்து, மகனோடும் லட்டுப் பெட்டியோடும் வந்துவிட்டார். அவர்களும் தற்செயலாக ஒரு பெண்ணைச் சந்திக்கத்தான் வந்தார்களாம், எங்களையே அந்த வீட்டார் என்று நினைத்தார்களாம். அந்தப் பெண்தான் எங்கள் பின்னால் நின்ற மஞ்சள் துப்பட்டா. மஞ்சள் துப்பட்டா வீட்டாரும் நீலச் சால்வையும் என்னைத் திட்டித் திட்டியே சிநேகமாகி, அங்கேயே சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்களாம். ஜஸ்கிரண் முதல் வேலையாக அவன் பெயரைக் கேட்டாள். தேஜ்பால். பிடித்திருக்கிறதாம். ஞாயிறன்று நான்கு குடும்பமும் அதே கடைக்குப் போகிறோம், நீங்களும் வரவும். யார் உட்காருவது, யார் பின்னால் நிற்பது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்தால் போதும்.