இடிமுரசு 900 மீது வழங்கப்பட்ட தீர்ப்பு

காதுகள் எல்லோருக்கும் இரண்டு உண்டு. ஆனால் 'காது' என்று சொல்லத் தகுந்த காது தென்னிந்தியாவில் ஒன்றே ஒன்றுதான் என்பதும், அது கோயம்புத்தூர் கணபதியில் திரு. காளிச்சாமி அவர்களின் தலையில் வலப்பக்கம் அமைந்திருக்கிறது என்பதும் வரலாறு ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மைகள். இடக்காதும் நன்றாகவே கேட்கும். அதைப் போன் பேசுவதற்கு ஒதுக்கியிருந்தார்.

முப்பத்தெட்டு வருஷம் மோட்டார் பம்பு செய்தவர். கம்பெனியைத் தம்பி மகன்களிடம் ஒப்படைத்த மறுவாரமே 'காளிச்சாமியின் காது' என்ற யூடியூப் சேனலைத் தொடங்கினார். ஹெட்போன், சவுண்டு பார், ப்ளூடூத் ஸ்பீக்கர் என்று எது சந்தைக்கு வந்தாலும், வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக உட்கார்ந்து கருத்துரைப்பார். மற்ற விமர்சகர்களைப் போல 'பேஸ்', 'ட்ரெபிள்' என்று பிதற்றுவதில்லை. ஒரே பரிசோதனைதான். ஏழரை எச்.பி. மோட்டார் ஒன்று ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்தார். அதை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். எந்தப் பக்கத்துப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் நல்ல ஸ்பீக்கர். தெரியாவிட்டால் கழிசடை. இந்த முறையை எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. நாற்பத்தோராயிரம் சந்தாதாரர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்பு நான்கு வகை. "கண்ண மூடிட்டு எடுங்க" என்பது முதல் தரம். "பரவால்லீங்க" இரண்டாம் தரம். "யோசிச்சு எடுங்க" என்றால் கடைக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். நான்காவது, "உங்க இஷ்டமுங்க." கொங்கு நாட்டில் ஒரு மரியாதையான மனிதர் வாயிலிருந்து வரக்கூடிய ஆகக் கொடிய வசை அது. அந்தச் சொல்லுக்கு ஆளான ஹெட்போன் ஒன்றை அதைச் செய்த கம்பெனியே ஓசைப்படாமல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது.

இப்படிப்பட்ட நீதிமன்றத்துக்குத்தான் 'இடிமுரசு 900' என்ற ஸ்பீக்கர் பெட்டி வந்து சேர்ந்தது. அனுப்பியவர் பெருந்துறை சிப்காட்டில் ஸ்பீக்கர் கம்பெனி நடத்தும் ராசப்பன். வெறும் ராசப்பன் அல்ல, சம்பந்தி ஆகப்போகிற ராசப்பன். காளிச்சாமியின் மகள் வர்ஷினியும் ராசப்பனின் மகன் மதன்குமாரும் ஒரே ஆபீசில் மூன்று வருஷம் பழகி, தாங்களே முடிவெடுத்து, அதன் பிறகு பெற்றோர் 'பார்த்துப் பேசி ஏற்பாடு செய்ய' அனுமதி வழங்கியிருந்தார்கள். உப்பும் சர்க்கரையும் மாற்றி நிச்சயம் செய்ய நாள் குறிப்பதுதான் பாக்கி.

ராசப்பன் போனில் அழைத்தார்.

"ஞாயித்துக்கெழம ஒரம்பரையோட வாரோமுங்க. உங்க தீர்ப்ப எல்லாருமா உக்காந்து கேட்டுப்போட்டு நாள் குறிச்சுக்கலாமுங்க. உங்க வாயால ஒரு நல்ல வார்த்த வந்துச்சுன்னா எங்க குடும்பத்துக்கே கௌரவமுங்க."

காளிச்சாமி ஸ்விட்சைப் போட்டார். பெட்டி ஐந்து நிறத்தில் மின்னியது. உள்ளேயிருந்து வெளிநாட்டுப் பெண் குரல் ஒன்று என்னவோ சொன்னது.

"என்னங்க சொல்றா அவ?" என்றார் மனைவி சாமியாத்தாள்.

"தயாரா இருக்கறாளாம்."

மோட்டார் சத்தத்தை ஓடவிட்டார். கண்ணை மூடினார். உடனே திறந்துவிட்டார்.

"ரெண்டு பேரிங்கும் போச்சு. மோட்டார்லயே இல்லாத மூணாவது பேரிங்கும் போச்சு."

"எனக்கென்னமோ தகரத்து மேல மழ பேயற மாதிரி நல்லாத்தானுங்க இருக்குது."

"உன்ற காது எப்பவுமே எரக்கப்படும்."

கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்த வர்ஷினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அது மோசம்னு மதனுக்கே தெரியுமுங்க. ஆபீசுக்கு வேற கம்பெனி ஹெட்போனத்தான் ஒளிச்சுக் கொண்டாறாரு."

"அத அவங்கப்பன்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"அவங்க ஊட்ல ஆருமே சொன்னதில்லீங்களாம். நீங்களும் சொல்லிப்போடாதீங்க. 'பரவால்லீங்க'ன்னு ஒரே வார்த்த. என்ற கல்யாணமுங்கப்பா."

காளிச்சாமியின் முதுகெலும்பு ஏற்கெனவே நேரானது. அன்று அது மேலும் இரண்டு அங்குலம் நிமிர்ந்தது.

"சொந்தப் பொண்ணுக்காக ஓட்டப் பெட்டிய நல்ல பெட்டின்னு சொன்னான் காளிச்சாமின்னு நாளைக்கு நாலு பேரு பேசறதா? குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குது கண்ணு."

"கல்யாணம் நின்னா மட்டும் மானம் போவாதுங்களா?"

"அது வேற மானம்."

இரு மானங்களையும் ஒரு நாள் முழுக்க எடைபோட்டுப் பார்த்தார். சம்பந்தி கேட்ட பிறகுதான் சேனலில் ஏற்றுவது என்று முடிவு செய்து, சனிக்கிழமை காலை கேமராவின் முன் உட்கார்ந்தார். "இடிமுரசு தொள்ளாயிரம். கேட்டுப் பாத்தேன். உங்க இஷ்டமுங்க." வர்ஷினி அழுதுகொண்டேதான் படம் பிடித்தாள். ஆனாலும் ஃபோகஸ் தப்பவில்லை. குடும்பத்தின் தரம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை மூன்று கார்களில் சொந்தபந்தமெல்லாம் ஒரம்பரையாக வந்திறங்கியது. பன்னிரண்டு பேர். நடுவில் ராசப்பனின் அக்கா மாசாணியம்மாள், ஓரத்தில் மதன்குமார். வர்ஷினி டிவியில் வீடியோவைப் போடப் போனாள்.

"டிவியோட சத்தம் எதுக்குங்க அம்மணி? நம்ம பெட்டியிலயே கேப்போம்" என்றார் ராசப்பன். அவரே எழுந்து இணைத்தார். ஐந்து நிறம் மின்னியது. அந்தப் பெண் தயாராக இருப்பதாக அறிவித்தாள்.

திரையில் காளிச்சாமி வாயசைத்தார். தீர்ப்பாகப் பெட்டியிலிருந்து வந்தது இதுதான்: "உ... ஷ்ஷ்... டமமுங்ங்ங்."

ஒரம்பரை மொத்தமும் பெட்டியை நோக்கிச் சாய்ந்து உட்கார்ந்தது.

"என்னமோ சொன்னாருங்களே?" என்றார் மாசாணியம்மாள்.

ராசப்பனின் கண்கள் கலங்கியிருந்தன. "உத்தமமுங்கன்னாரு அக்கா! நாலு தரத்துக்கும் மேல அஞ்சாவதா ஒண்ணு! எனக்குன்னே புதுசா உண்டாக்கிப்போட்டீங்களே சம்பந்தி!"

மறுபடியும் போட்டார்கள். இந்த முறை பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்கும் 'உத்தமம்' என்றே கேட்டது. மதன்குமார் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா செய்த பெட்டிகளோடு வளர்ந்தவன். அவை விழுங்கிய எழுத்துகளை மீட்டெடுக்கத் தெரிந்தவன்.

காளிச்சாமிக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியானதற்காக வெட்கப்பட்டார். எழுந்து நின்றார். சாமியாத்தாள் அவர் துண்டைப் பிடித்து இழுத்தார். துண்டு மட்டும் வந்தது.

"சம்பந்தி, நான் சொன்னது உத்தமமில்லீங்க" என்றார், பெட்டியின் உதவியின்றி, கணீரென்று. "உங்க இஷ்டமுங்க!"

வர்ஷினி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ராசப்பன் மெல்ல எழுந்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"எங்க இஷ்டமுங்களா? பொட்டியப் பத்தின பேச்செல்லாம் அக்கட்டால வெச்சுப்போட்டு, நாள் குறிக்கற உரிமையவே எங்ககிட்டக் குடுக்கறீங்களே! இந்தப் பெருந்தன்ம ஆருக்குங்க வரும்? அப்ப ஆவணி பத்தொம்பதே வெச்சுக்கலாமுங்க!"

"பத்தொம்பது நல்ல முகூர்த்தமுங்க!" என்றார் மாசாணியம்மாள். இனிப்புத் தட்டுகள் உள்ளேயிருந்து தாமாகவே நடந்து வருவன போல வந்தன.

காளிச்சாமி மூன்றாம் முறை வாயைத் திறந்தார். சாமியாத்தாள் அதில் ஒரு முழு மைசூர்பாவை வைத்தார். "மொதல்ல இனிப்பு எடுத்துக்குங்க."

அந்த வீடியோ சேனலில் ஏறவே இல்லை. கல்யாணம் சிறப்பாக நடந்தது. மண்டபத்து வாசலில் இரண்டு இடிமுரசுகள் முழங்கியதால், வந்தவர்கள் ஒருவரை ஒருவர் என்ன கேட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை; மனத்தாங்கல் எதுவும் எழவில்லை. தீபாவளிக்குள் புதிய அட்டைப் பெட்டி அச்சாகி வந்தது. அதில் மடிப்புக் கலையாத சட்டையில் காளிச்சாமி, கீழே, "'உத்தமம்' என்று 'காது' புகழ் திரு. காளிச்சாமி அவர்களால் தீர்ப்பளிக்கப்பட்டது."

தாராபுரத்திலிருந்து ஒரு சந்தாதாரர் போன் செய்தார். "ஏனுங்க, உங்கள நம்பி வாங்குனேனுங்க. நீங்க நெசமாலுமே அப்படிச் சொன்னீங்களா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க."

"அப்ப அட்டையில இருந்து உங்க பேர எடுக்கச் சொல்றதுதானுங்களே?"

"சம்பந்தி மனசு நோகுமுங்க" என்று சொல்லிப் போனை வைத்தார் காளிச்சாமி.

அவருடைய நேர்மையைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் அவர் தம் வாயால் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அந்த வேலையை அவருடைய படம் பார்த்துக்கொள்கிறது.