நான் ஒட்டிய விரல் எலுமிச்சை

பொய்களிலேயே ஆபத்தானது, உடனே செய்து காட்டச் சொல்லிவிடக்கூடிய பொய்தான். நீச்சல் தெரியும் என்று பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம். ஆற்றங்கரையில் நின்றுகொண்டு சொல்லக் கூடாது. இருபத்தேழு வயதில் இந்த ஞானம் எனக்கு இல்லை.

அப்போது மலாக்காவில் ஏர்கான் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். கவிதாவும் நானும் இரண்டு வருடம் பழகி, இரண்டு வீட்டிலும் சொல்லி, முறைப்படி பெண் பார்க்க அவள் ஊரான மெர்லிமாவுக்குப் போவதாக முடிவாகியிருந்தது. கவிதா போனில் ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்தாள்.

"அப்பா எதுக்கும் ஓகே சொல்லிடுவாரு. அம்மாதான் கொஞ்சம் பார்ப்பாங்க. அவங்களுக்கு அந்த எலுமிச்சை மரங்கன்னா உயிரு. அதைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசுங்க, போதும்லா."

நாலு வார்த்தை பேசினால் போதுமாம். நான் அடங்குவேனா? வேலை நேரத்தில் ஏணி மேலேயே உட்கார்ந்து, ஒட்டுக் கட்டுவது பற்றி இரண்டு வீடியோ பார்த்தேன். (இரண்டாவதில் பாதிதான். கீழே வீட்டுக்காரர் முறைக்க ஆரம்பித்துவிட்டார்.) அதுவரை நான் வளர்த்தது ஒரே ஒரு மணி பிளான்ட். சாகவே சாகாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் இருந்தது.

கவிதாவின் அம்மா, அதாவது என் அத்தையின் வீடு, தாமான் குடியிருப்பின் முனையில் இருந்தது. கேட்டைத் திறந்ததும் வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரே மரத்தின் ஒரு கிளையில் லீமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை குட்டிக் குட்டியாகத் தொங்கியது. இன்னொரு கிளையில் பச்சை எலுமிச்சை. சுவர்ப் பக்கக் கிளையில், மடக்கிய மஞ்சள் விரல்களோடு ஒரு கை மாதிரி பழம். புத்தர் கையாம். ஐஸ்கிரீம் டப்பாவை வெட்டிச் செய்த சீட்டுகள் கிளைக்குக் கிளை ஆடின. ஒவ்வொன்றிலும் பழத்தின் பெயர், ஒட்டுக் கட்டிய நாள், கட்டியவர் பெயர். எல்லாவற்றிலும் அத்தை பெயர்தான். எஸ்டேட் நாற்றங்காலில் ரப்பர் கன்றுகளுக்குக் கண் ஒட்டிய கை அது. இப்போது பள்ளிக் கேன்டீனில் சமைத்துவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் இந்த வேலை.

கேசரி சாப்பிட்டு எல்லோரும் மரங்களைப் பார்க்க வெளியே வந்தோம். அங்கேதான் என் வாய் திறந்தது.

"நானும் வீட்டுல ஒட்டுக் கட்டுவேன் அத்தை."

"எந்த வீட்டுலடா?" என்று என் அம்மா பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டார்.

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா தம்பி? இன்னைக்கு ஒண்ணு கட்டணும்னுதான் வெச்சிருக்கேன். நல்ல நாளு, நீங்களே கட்டுங்களேன்."

உள்ளே போய், ஈரத் துணியில் சுற்றிய ஒரு குச்சியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வந்தார். பென்சில் நீளம், பென்சிலைவிட ஒல்லி. விரல் எலுமிச்சையாம். பழம் விரல் மாதிரி இருக்கும், வெட்டினால் உள்ளே ஜவ்வரிசி போல முத்து முத்தாக உதிரும் என்றார். மஸ்ஜித் தானா ஊரில் ஒரு மலாய் டீச்சரிடம் ஆறு மாதம் கேட்டு வாங்கியது. டீச்சர் வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். மரம் போய்விட்டது. மிச்சம் இந்த ஒரு குச்சிதான்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எங்களோடு வந்திருந்த பெரியப்பா என்னையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியை வாங்கிக்கொண்டேன்.

தொட்டியில் இருந்த கன்றின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து அத்தையே தயாராக வைத்தார். குச்சியின் நுனியைச் சீவி அதில் சொருக வேண்டியதுதான் என் வேலை. குச்சியின் தடித்த பக்கம் சீவக் கடினமாகத் தெரிந்தது. மெல்லிய பக்கம் வெண்ணெய் மாதிரி சீவ வந்தது. அதைச் சொருகினேன். பிறகு ஏர்கான் குழாய்க்குச் சுற்றுகிற பழக்கத்தில், டேப்பைச் சுற்று சுற்றென்று சுற்றினேன்.

"கைவேலைக்காரன்லா எங்க பையன்" என்றார் பெரியப்பா.

அத்தை கன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கட்டு நல்லா இறுக்கமா இருக்கு தம்பி" என்றார். மேலே ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி நிழலில் வைத்துவிட்டு, புதுச் சீட்டு ஒன்றில் என் பெயரை எழுதித் தொங்கவிட்டார்.

கல்யாணம் நிச்சயமானது. ஒரு மாதத்தில் கன்று துளிர்த்தது என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. கம்பெனியில் எல்லோருக்கும் போட்டோ காட்டினேன். முதலாளி வீட்டு மாமரத்தைப் பற்றிக்கூட ஆலோசனை சொன்னேன்.

கல்யாணமாகி மூன்றாவது தீபாவளிக்கு அதில் பழம் இருந்தது. மஸ்ஜித் தானா டீச்சரும் விருந்துக்கு வந்திருந்தார். வீடு நிறைய ஆட்கள். நான் ஒரு பழத்தை வெட்டி, முத்துகளைத் தட்டில் உதிர்த்து, என் முறையை டீச்சருக்கு மலாயில் விளக்க ஆரம்பித்தேன். சாத்தே இறைச்சி கோர்க்கிற குச்சி ஒன்றை எடுத்து, மெல்லிய பக்கத்தை எப்படிச் சீவிக் கீழே சொருக வேண்டும் என்று செய்தும் காட்டினேன்.

டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "அப்படி வைத்தால் குச்சி தெர்பாலிக் ஆகிவிடுமே? தலைகீழாக இருந்தால் எப்படித் துளிர்க்கும்?" என்றார்.

கவிதாவின் அப்பா, என் மாமாவுக்கு முறுக்கு புரை ஏறிவிட்டது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு உங்க காரு முச்சந்தியக்கூட தாண்டல மாப்ள. அதுக்குள்ள இவ கட்ட அவுத்துட்டா. டேப்ப அவுக்கவே கால் மணி நேரம் ஆச்சு."

அந்த ஒற்றைக் குச்சியின் மறுபக்கத்தை, தடித்த அடிப்பக்கத்தைச் சீவி, திருப்பி வைத்துக் கட்டியிருக்கிறார். நான் வெட்டி வீணாக்கியது போக மூன்று துளிர்க் கண்தான் மிச்சம். அதில் ஒன்று பிழைத்தது. மூன்று வருடமாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீட்டிலும் என் பெயரேதான்.

சாயங்காலம் அடுப்படிக்குப் போய், "ஏன் அத்தை அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "குச்சிய அப்புறம் திருப்பிக்கலாம். அத்தன பேரு முன்னால உங்கள எப்படித் திருப்புறது? பொய் சொன்னாலும் கட்டு நல்லாதான் கட்டுனீங்க."

நான் நாலு வார்த்தைகூடப் பேசவில்லை. பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினேன்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் எது தலைகீழாகப் போனாலும் அதற்குப் பெயர் 'மாப்ள ஒட்டு'. பேட்டரியை மாற்றிப் போட்டாலும் அதுதான், தபால்தலையைத் தலைகீழாக ஒட்டினாலும் அதுதான். கவிதாவுக்கு எட்டாம் மாத ஸ்கேனில், குழந்தையின் தலை இன்னும் கீழே திரும்பவில்லை என்று டாக்டர் சொன்னார். பயந்துபோய் அத்தைக்குப் போன் செய்தேன்.

"மாப்ள ஒட்டுதானே" என்றார் அத்தை. "பயப்படாதீங்க, திரும்பிக்கும்."

மகள் தானாகவே திரும்பி நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது ஆறு வயது. சட்டையை முன்பக்கம் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். அவளை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.