மத்திய ஆசியாவுக்குப் பெண் பார்த்த கதை

சங்கரன்கோவிலில் உஸ்பெகிஸ்தான் அமைச்சர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லக்கூடியவரும், சொந்த வார்டு கவுன்சிலர் யாரென்று தெரியாதவரும் ஒருவரே. எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் மத்திய ஆசியா. பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம்.

டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தப் பக்கத்து நாடுகளின் மொழி, பண்பாடு, அரசியல் எல்லாம் படித்து, முனைவர் பட்டத்தோடு ஊர் திரும்பியிருந்தார். படித்ததை எங்காவது பயன்படுத்தியாக வேண்டும். பரோட்டா கடையில் ஆரம்பித்தார். அங்கெல்லாம் ரொட்டியைக் கவிழ்த்து வைத்தால் அவமரியாதை என்று சொல்லி, அடுக்கியிருந்ததைத் திருப்பி வைக்கச் சொன்னார்.

மாஸ்டர் நிமிரவில்லை. "இதுல எது மொகம், எது முதுகுன்னு நீரே சொல்லும்வே."

மத்திய ஆசியா ஒரு பரோட்டாவை எடுத்து இரண்டு பக்கமும் வெகுநேரம் பார்த்தார். பிறகு சாப்பிட்டுவிட்டார்.

வந்த சம்பந்தங்கள் எல்லாம் ஒரே இடத்தில் முறிந்தன. என்ன படிப்பு என்பார்கள். மத்திய ஆசியா என்பார். அங்கே வேலை கிடைக்குமா என்பார்கள். கிடைக்காது, இங்கேயும் கிடைக்காது என்பார். ஆன்லைனில் போட்டித் தேர்வுக்குப் பாடம் எடுத்து நன்றாகவே சம்பாதிப்பதைச் சொல்ல மறந்துவிடுவார்.

கடைசியில் புளியங்குடியிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தியது. பெண் பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு எலுமிச்சைக் கமிஷன் கடை. பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க ஒரு மாமாவையோ சித்தப்பாவையோ அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். இவர் தானே போனார். பெண் வீட்டை விசாரிக்கவில்லை, புளியங்குடியையே விசாரித்தார். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள், போன தேர்தலில் யாருக்கு ஓட்டு, தகராறு வந்தால் யார் பேசித் தீர்ப்பார் என்று கடை கடையாகக் கேட்டார். வருமான வரி அதிகாரி என்று மார்க்கெட் முடிவு செய்தது. பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கியது. ஒருவர் மட்டும் தைரியமாக உட்காரவைத்து, சர்பத் வாங்கிக் கொடுத்து, "ஸார், ஸார்" என்று பதில் சொன்னார்.

அவர்தான் பெண்ணின் அப்பா. தரகர் அனுப்பிய போட்டோவில் மாப்பிள்ளை பட்டமளிப்பு அங்கியும் தொப்பியுமாக இருந்ததால் அடையாளம் தெரியவில்லை. பெண் பார்க்கப் போன அன்று தெரிந்தது. காபி வந்தது. இரண்டு பேரையும் தனியாகப் பேசச் சொல்லிவிட்டு, பாதியிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

அன்று சாயங்காலம் மத்திய ஆசியா என் வீட்டுக்கு வந்தார். முதல்முறையாக எந்த நாட்டைப் பற்றியும் பேசவில்லை.

"அண்ணாச்சி, தனியா பேசச் சொன்னாவல்லா, அப்ப அந்தப் பிள்ள ஒண்ணு கேட்டுது. அங்கன கல்யாணத்துக்கு என்ன சமைப்பாவன்னு."

"நீரு என்ன சொன்னீரு?"

"சொல்லி முடிக்கதுக்குள்ள கூப்பிட்டுட்டாவ. இத்தன வருசத்துல ஒருத்தர் கூட என்கிட்ட அதைக் கேட்டதில்ல அண்ணாச்சி."

இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அப்பா எங்கள் தெருவுக்கு விசாரிக்க வந்தார். பரோட்டா மாஸ்டரிடம் முதலில் கேட்டிருக்கிறார். மாஸ்டர் விரிவாகவே சொல்லியிருக்கிறார். பத்திரிகைக்காரர் பொய் சொல்ல மாட்டார் என்று யாரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரி வேண்டாங்கா. மக அவரத்தான்ங்கா. எங்க ஊரையே ஆராய்ச்சி பண்ணிட்டுப் போன ஆளு. பிள்ளையக் குடுக்கலாமா?"

எனக்குத் தெரிந்த உண்மைகளை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். ஒன்றும் உதவுவதாக இல்லை.

"தைரியமா குடுங்க. நல்லா வச்சிக்கிடுவாரு," என்றேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மத்திய ஆசியா இப்போது புளியங்குடியில் இருக்கிறது. என் உத்தியோக வாழ்க்கையில் எந்த ஆதாரமும் இல்லாமல் நான் சொன்ன ஒரே செய்தி அதுதான். இதுவரை மறுப்பு வரவில்லை.