மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரண்டு ராக்னில்ட்

ஏரோ தீவு,
ஞாயிறு, காலைக் காபிக்குப் பிறகு

அன்பும் மதிப்பும் மிக்க எலினோர் அக்காவுக்கு, தம்பி தோர்வால் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், ராக்னில்ட், பூனை மூவரும் சுகம். என் கண்கள் மட்டும் சுகமில்லை. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்த வலியைச் சாக்கிட்டு எங்கள் நாற்பதாவது கல்யாண நாள் விருந்துக்கு வராமல் தப்பித்தாயே, நடந்ததைக் கேள்.

நீதானே சொன்னாய், "கண்ணாடிய விட்டுட்டு கண்ணுக்குள்ள மல்டிஃபோக்கல் லென்ஸ் போட்டுக்கடா, கிட்டம் தூரம் ரெண்டும் தெரியும், நான் ஊசியில நூலே கோக்குறேன்" என்று? நான் அழகுக்கு ஏங்குகிறவன் இல்லை. ஆனால் ராக்னில்டை நான் முதலில் பார்த்தது ஸ்வென்பர்க் போகும் படகின் மேல்தளத்தில். அப்போது நான் அந்தப் படகில் வேலைக்குப் புதிது. அலை தெறித்து என் கண்ணாடியெல்லாம் உப்பு. அவளே அதைக் கழற்றிப் பாவாடை ஓரத்தால் துடைத்துக்கொண்டே, "இவ்ளோ நல்ல கண்ண எதுக்குப்பா கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சிருக்க?" என்றாள். அந்தக் காற்று, தார் வாசனை, அவள் கையிலிருந்த பாதி தின்ற ஆப்பிள், எதுவும் மறக்கவில்லை அக்கா. அதற்கப்புறம் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. இன்னொரு தரம் சொல்ல மாட்டாளா என்று ஆசை. அவளுக்குத் தெரியாமல் போய் லென்ஸ் வாங்கினேன். கிட்டத்துக்கு ஒரு வளையம், தூரத்துக்கு ஒரு வளையம், எதைப் பார்ப்பது என்று மூளையே முடிவு செய்துகொள்ளும் என்றாள் கடைப்பெண். சாப்பிட மீன் வேண்டுமா பன்றிக்கறி வேண்டுமா என்று கேட்டாலே திணறுகிற மூளை என்னுடையது!

விருந்தன்று அவளைப் பற்றி நானே எட்டுச் சரணத்தில் பாட்டெழுதி, எல்லாரும் சேர்ந்து பாட நம் ஊர் விருந்து வழக்கப்படி அச்சடித்து ஒவ்வொரு தட்டின் மேலும் வைத்திருந்தேன். பாட எழுந்தால் மேசை முழுக்க மெழுகுவர்த்தி, ஒவ்வொரு சுடரையும் சுற்றி ஒரு பெரிய வட்டம், தாளில் எழுத்தெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. "அந்த மேல் விளக்கைப் போடுங்களேன்" என்றேன். அவ்வளவுதான், மச்சான் ஹோல்கர் பாய்ந்துவிட்டான்: "விருந்துல மேல் விளக்கா? இது என்ன பல் டாக்டர் வீடா?" சரியென்று தாளைச் சுடருக்குக் கிட்டே கொண்டுபோனேன், அது தீப்பிடித்துக்கொண்டது, ஹோல்கர் தன் பீரை அதன் மேல் ஊற்றினான், பாதி என் சட்டையில். பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாதில்லையா, அதனால் அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டே எட்டுச் சரணத்தையும் பாடி முடித்தார்கள். எழுதினவன் நனைந்த கோழியாய் நின்றேன். பிறகு கோப்பையைத் தூக்கினோம். அப்போது கண்ணுக்குக் கண் பார்த்தே ஆக வேண்டுமே, பார்த்தேன். இரண்டு ராக்னில்ட் இருந்தார்கள். ஒருத்தி என் மனைவி. அவள் தோளோரமாய் மங்கலாக இன்னொருத்தி, ஒரு சுருக்கமும் இல்லாமல், படகில் நின்ற அதே பெண். பீரில் நனைந்த சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"என்னப்பா, அழறியா?"

"லென்ஸ் உறுத்துது."

"லென்ஸா! கண்ணாடி மேல திரும்பவும் உக்காந்து ஒடச்சிட்டியோன்னு நெனச்சேன். பாவம், எல்லார் முன்னாடியும் கேக்க வேணாம்னு பேசாம இருந்தேன்" என்றாள். நல்ல கண் என்று அவள் சொல்லவே இல்லை.

ஆகவே இந்தச் சனியனை நாளையே திருப்பிக் கொடுக்கிறேன். நீயும் இனி யாருக்கும் சிபாரிசு செய்யாதே. உன் வீட்டில் சூடான காபியும் நல்ல வெளிச்சமும் என்றும் குறையாதிருக்கட்டும்.

உன் தம்பி,
தோர்வால்

பின்குறிப்பு: திங்கள்கிழமை கடைக்குப் போனேன். என் வலக்கண் லென்ஸும் இடக்கண் லென்ஸும் வேறு வேறாம். அன்று இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறேன். வலது டப்பாவில் அந்தப் பெண் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறாள்! ஆயுசெல்லாம் படகில் இருந்தவனுக்குச் சிவப்பு விளக்கு எந்தப் பக்கம்? எந்தப் படகிலும் இடது பக்கம்தான். அதையே இடக்கண்ணில் போட்டுவிட்டேன். இப்போது சரியாகப் போட்டுக்கொண்டேன். நீ சொன்னது அத்தனையும் உண்மை அக்கா, பூனையின் மீசைகூடத் தெரிகிறது. ராக்னில்ட் ஒருத்திதான் இருக்கிறாள். அன்று இரண்டு ராக்னில்டைப் பார்த்த கதையை அவளிடம் சொல்லி, "இப்ப உன் முகத்துல ஒவ்வொரு கோடும் பளிச்சுனு தெரியுது" என்றேன். என் கண்ணையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "கண்ணு இன்னும் நல்லாத்தான்பா இருக்கு. ஆனா சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏத்தினதும் மாத்தியே போட்டுக்கோ" என்றாள்.