பன்னிரண்டாம் கழுவல்

சுழலும் சக்கரத்தை முதன்முதல் உருட்டிவிட்ட பெயர் தெரியாப் பெருமகனை வணங்கி, டியூபுக்குள் அடங்கிக் கிடந்தும் ஆளைச் சுமக்கும் காற்றைக் கைகூப்பித் தொழுது, செயின் எண்ணெயை ஒரு சொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு தொடங்குகிறேன். வாழ்க எம் வீரர்! மூக்குக்கண்ணாடிக் கடையின் முடிசூடா மன்னர், துடைத்த லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மறுபடியும் துடைக்கும் தூய்மைத் திலகம், நாற்பத்து நான்கு அகவையும் தொப்பையின் தொடக்கமும் உடைய திண்தொடை வேந்தர் வாழ்க! இவர் எந்தப் பந்தயத்திலும் வென்றதில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வென்றவர்களைப் பாட ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

எம் வீரரின் சைக்கிள் படையில் நால்வர். வேன் வைத்திருப்பதால் படைத்தலைவரான பல் டாக்டர் ஒருவர்; வானளந்த கழுத்தால் 'நெட்டை' எனப் பெயர்பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்; எம் வீரரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பியும், ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பதில் வல்லவனும், மற்றெதிலும் அவசரக்காரனுமான மைத்துனன் ஒருவன். இப்படைக்கு ஒரு சட்டம் உண்டு. வெளியூர்ப் பந்தயத்தில் நால்வருள் கடைசியாக வருபவர் நான்கு சைக்கிள்களையும் கழுவ வேண்டும். சேறு பூசிய சைக்கிளை லாட்ஜ்காரர் உள்ளே விடமாட்டார், பல் டாக்டர் தம் வேனின் வெளிர்நிற சீட்டுகளின்மேல் ஏற்றமாட்டார். சட்டம் எல்லார்க்கும் பொதுவென்றாலும், அது ஒவ்வொரு முறையும் எம் வீரரைத் தேடிவந்தே கட்டிக்கொண்டது. இம்முறை சனியும் ஞாயிறுமாக இரண்டு பந்தயங்கள்; சனிக்கிழமைப் பந்தயத்தோடு பதினோரு கழுவல்கள் ஆகியிருந்தன.

ஞாயிறு புலர்ந்தது. லாட்ஜ் அறையில், ஈர ஜெர்சிகள் வெற்றிக்கொடிகளைப் போலத் தொங்கிய ஃபேனுக்குக் கீழே, எம் வீரர் ஷூவின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்த வேளையில் எட்டு வயது மகளின் போன் வந்தது.

"அப்பா, இன்னைக்கும் நீங்கதான் சைக்கிள் கழுவுவீங்களா?"

"நான் ரேஸ் ஓட்ட வந்திருக்கேம்மா."

"தெரியும்ப்பா. லீவு நாள்ல உங்க அப்பா என்ன செய்வார்னு ஸ்கூல்ல எழுதச் சொன்னாங்க. வெளியூருக்குப் போய் சைக்கிள் கழுவுவார்னு எழுதினேன். மிஸ் 'குட்' போட்டாங்க."

அந்த 'குட்' எம் வீரரின் மார்பைத் துளைத்து முதுகுப்புறம் வெளியேறியது. நோட்டில் சிவப்பு மையில் அல்லவா ஏறிவிட்டது! சினந்து எழுந்தார், சிவந்த விழியோடு வாஷ்பேசின் கண்ணாடி முன் நின்றார், "இன்று பொழுது சாயுமுன் இக்கை பிரஷ்ஷைத் தீண்டுமாயின், இத்தொடை இனிப் பெடல் மிதியாதொழிக" என்று எண்திசையும் அதிர நெஞ்சுக்குள் சூளுரைத்தார். வாயால் வந்தது வேறு.

"மாப்ள, இன்னைக்கு நீதான் கழுவுற."

"பார்க்கலாம் மாமா," என்றான் மைத்துனன், வாழைப்பழத்தை முதுகுப்பைக்குள் செருகியபடி.

எண்பது கிலோமீட்டர். இருநூறு பேர். முந்தின நாள் மழை சாலையெங்கும் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போயிருந்தது. முன்னால் போனவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பல் டாக்டரும் நெட்டையும்கூட அந்தக் கூட்டத்தில்தான் போனார்கள், போகட்டும். ஏரிக்கரை மேட்டில் ஏறி இறங்கி, எழுபத்தொன்பதாவது கிலோமீட்டருக்கு வந்தபோது களத்தில் எஞ்சியவர்கள் எம் வீரரும் மைத்துனனும் மட்டுமே. அவர்களுக்குப் பின்னால், ஓய்ந்தவர்களை அள்ளிப்போடும் வேன் ஒன்று, கொட்டாவி விடும் டிரைவரோடு ஊர்ந்து வந்தது.

இங்கேதான் போர்த்தந்திரம் வருகிறது. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக் களைப்பான். பின்னால் ஒட்டிக்கொள்கிறவன் அவன் முதுகு மறைவில் சுகமாக வந்து கடைசியில் பாய்வான். ஆகவே முன்னால் போக இருவருக்கும் மனமில்லை. மைத்துனன் வேகத்தைக் குறைத்தான். எம் வீரர் அதைவிடக் குறைத்தார். அவன் தண்ணீர் குடிப்பதுபோல் பாவனை செய்தான். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவ்வாறு இரு பெருவீரர்களும் பகை மூண்ட விழியோடு ஏறக்குறைய நின்றேவிட்ட அந்நேரத்தில், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்மணி இருவரையும் முந்திப் போனார்.

"மாமா, முன்னாடி போங்க."

"நீ போ மாப்ள. நான் இருக்கேன்."

எல்லைக்கோடு முந்நூறு மீட்டர் தொலைவில் தெரிந்ததும் மைத்துனனின் பொறுமை அறுந்தது; அவன் பாய்ந்தான்; பாய்ந்தவனின் பின்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு, சேறு முகத்தில் தெறிக்க, லென்ஸ் இரண்டும் இருள, உலகம் ஒரு பழுப்பு மங்கலாகி மறைய, மகளின் நோட்டில் இருந்த அந்தச் சிவப்பு 'குட்' ஒன்றையே திசைகாட்டியாய்க் கொண்டு, முழங்கால் முனக, மூச்சு நாதசுரமாய் ஊத, இடப்புறம் விலகி, தோளோடு தோள் நின்று, கடைசி மூன்று மிதியில் தம் நாற்பத்து நான்கு ஆண்டுகளையும் பெடலில் இறக்கி, ஒரு டயர் அகலத்தில் எம் வீரர் கோட்டைக் கடந்தார்! மேசையை மடக்கிக்கொண்டிருந்த நடுவர் அதை மறுபடி விரித்தார்.

"கண்ணாடி போட்டவர்தான் முதல்ல," என்றார். நூற்றுத் தொண்ணூற்றொன்பதாம் இடம் எம் வீரருடையது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

லாட்ஜின் பின்கட்டில், குழாயடியில், பிளாஸ்டிக் நாற்காலி என்னும் அரியணையில் எம் வீரர் காலை நீட்டி அமர்ந்தார். கையில் டீ. எதிரே, வாளியும் பிரஷ்ஷுமாய் மைத்துனன். பதினோரு முறை குனிந்த முதுகு பன்னிரண்டாம் முறை சாய்ந்திருக்கும் காட்சியைக் காண வானவர் கூடினாரோ இல்லையோ, அறைப் பையன்கூட வரவில்லை.

மைத்துனன் செயின் துடைத்த துணியாலேயே சைக்கிளின் இரும்புச் சட்டத்தையும் துடைத்தான். எம் வீரர் டீயைப் பார்த்தார். அவன் பின்சக்கரத்துப் பல்வரிசைமேல் ஒரு குவளைத் தண்ணீரை வீசிவிட்டு அடுத்த சைக்கிளுக்குப் போனான். எம் வீரர் வானத்தைப் பார்த்தார். ஊரார் பற்களையெல்லாம் சுரண்டும் பல் டாக்டரோ பக்கத்தில் நின்றும் இந்தப் பற்களைக் கண்டுகொள்ளவில்லை.

"மாப்ள, பல்லுக்கு நடுவுல மண்ணு நிக்குது."

"காஞ்சா உதிர்ந்துடும் மாமா."

காய்ந்தால் உதிர்ந்துவிடுமாம். சேற்று மண்ணும் எண்ணெயும் சேர்ந்தால் என்னவாகும் என்று பதினோரு கழுவல் கண்ட ஒருவரிடம் சொல்கிற பேச்சா இது? டீ கிளாஸ் தரையில் வைக்கப்பட்டது. முழுக்கை மடிக்கப்பட்டது. "தள்ளு," என்றார் எம் வீரர். சூளுரை என்னாயிற்று என்று கேட்போர்க்கு, அதில் பல்லிடுக்கு மண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று நான் வாதாடத் தயார்.

மூன்றாவது சைக்கிளில் இருந்தபோது போன் அடித்தது. கை ஈரமென்பதால் மைத்துனன் அதை அவர் காதருகே பிடித்தான்.

"ஜெயிச்சீங்களாப்பா?"

"ஜெயிச்சேம்மா. உங்க மாமாவை முந்திட்டேன்."

"ஐ! இப்ப என்ன பண்றீங்க?"

மாற்றாரை மண்கவ்வ வைத்தவரும், நூற்றுத் தொண்ணூற்றொன்பதாம் இடத்தின் நாயகரும், சூளுரை காத்த செம்மலுமாகிய எம் வீரர், நுரை வழியும் தம் வெற்றிக்கையை ஒருகணம் உற்றுநோக்கி, மலையனைய மார்பு நிமிர மூச்சை இழுத்து, மகளுக்கு மறுமொழி பகர்ந்தார்.

"சைக்கிள் கழுவிட்டிருக்கேம்மா."